வீட்டோடு ஒட்டிய மில், விடாத இருமல்: தூசியை என்ன செய்வது?

ராஜன் (கொட்டாஞ்சேனை)

எல்லோருக்கும் வணக்கம். சிலாபத்துக்கு உள்ளே ஒரு கிராமத்தில் அண்ணனும் அண்ணியும் சிறிய அரைக்கும் மில் வைத்திருக்கிறார்கள். குசினியின் பின்சுவரோடு ஒட்டிய தகரக் கொட்டில். மிளகாய், மல்லி, மஞ்சள், வறுத்த கறித்தூள், இடைக்கிடை அரிசிமா. தூள் பைகளைக் கொழும்புக்கு அனுப்புவார்கள். கொட்டாஞ்சேனையிலும் ஜிந்துப்பிட்டியிலும் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது நான்.

அண்ணிக்கு நீண்ட நாளாக வறட்டு இருமல். இரவில் நெஞ்சு இறுகுகிறது, மூச்சு விடும்போது சத்தம் கேட்கிறது என்கிறார். ஊர் வைத்தியர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்று இருமல் மருந்து எழுதிக் கொடுத்தார். ஆடிவேல் திருவிழாவுக்கு எங்கள் வீட்டில் வந்து தங்கியபோது இருமல் அடங்கிவிட்டது. கொழும்புத் தண்ணீர் ஒத்துக்கொண்டது என்று எல்லோரும் சிரித்தோம். ஊருக்குப் போனதும் மறுபடி தொடங்கிவிட்டது. அண்ணனிடம் சொன்னால், "மிளகாய் அரைத்தால் இருமல் வராமல் வேறென்ன வரும்?" என்கிறார்.

நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுத்தால் போதுமா? இல்லை, கொழும்புக்குக் கூட்டிவந்து காட்ட வேண்டுமா? எங்கே காட்டுவது?

பழைய சோனகத்தெரு

என்95 வகை முகக்கவசம் வாங்குங்கள். தலைக்குப் பின்னால் இரண்டு பட்டி போகிறதா, மூக்கின் மேல் அழுத்தும் கம்பி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கொரோனாக் காலத்து நீல முகக்கவசம் இதற்கு உதவாது. எதிரில் நிற்பவர் மேல் எச்சில் தெறிக்காமல் இருக்க அது போதும். ஆனால் கன்னத்து ஓரத்தால் தூள் தாராளமாக உள்ளே போகும். சேலைத்தலைப்பும் கைலேஞ்சியும் கூட அப்படித்தான். பகல் முழுவதும் சீமெந்துத் தூசியில் நின்று வியாபாரம் செய்கிறவன் சொல்கிறேன்.

மூச்சுக்காரி (தெஹிவளை)

ராஜன் அண்ணா, நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஆடிவேல் சங்கதிதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. வேலை செய்யும் இடத்தை விட்டு விலகினால் தணிந்து, திரும்பினால் கூடுகிற இருமலும் இழுப்பும் தொழிலால் வரும் ஆஸ்துமாவின் அடையாளம். வைத்தியரிடம் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான். அநேகமாக யாரும் சொல்வதில்லை. வைத்தியரும் என்ன வேலை என்று கேட்டால், "வீட்டில்தான் இருக்கிறேன்" என்று பதில் வரும். நான் நெஞ்சு கிளினிக் ஒன்றில் தாதியாக இருந்தவள். எத்தனை மில்காரிகள், தும்பு திரிப்பவர்கள், பீடி சுற்றுகிறவர்கள் எங்கள் அட்டைகளில் "இல்லத்தரசி" என்ற ஒரே சொல்லுக்குள் போய் ஒளிந்துகொண்டார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது.

எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதால் நிம்மதி அடைய வேண்டாம். ஆஸ்துமாவில் எக்ஸ்ரே பெரும்பாலும் சுத்தமாகத்தான் இருக்கும். செய்ய வேண்டியது மூச்சின் அளவையும் வேகத்தையும் பார்க்கும் ஊதும் பரிசோதனை. அதுவும் மூச்சு நன்றாக இருக்கும் ஒரு காலைப்பொழுதில் செய்தால் ஒன்றையும் காட்டாமல் விடலாம். அதனால்தான் கையில் பிடித்து ஊதும் சிறிய அளவுக் குழாய் (பீக் ஃப்ளோ மீட்டர்) ஒன்றை வாங்கி, நாளுக்கு நான்கு தடவை ஊதி, எண்ணைக் கொப்பியில் எழுதச் சொல்கிறோம். நான்கு வாரம் எழுதினால் நல்லது. அதற்குள் மில் ஓடும் நாட்களும் ஓடாத நாட்களும் வர வேண்டும். மில் ஓடும் நாளில் எண் விழுந்து, ஓய்வு நாளில் ஏறினால், அந்தக் கொப்பி எந்த எக்ஸ்ரேயை விடவும் அதிகம் பேசும்.

உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி சரி. மிளகாயின் காரம் மூச்சுக்குழாயின் நரம்பைச் சுண்டுவதால் வரும் இருமல் உடனே வரும், வெளியே போய் நின்றால் அடங்கும். பல மணி நேரம் கழித்து, இரவில் படுத்த பிறகு நெஞ்சு இறுகுவது வேறு விஷயம். அதற்கு மிளகாயை விட மல்லித்தூளையும் தானிய மாவையும்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். இரண்டும் ஒவ்வாமை உண்டாக்கக்கூடியவை. வெதுப்பகக்காரர்களுக்குக் கோதுமை மாவினால் வரும் ஆஸ்துமா உலகம் முழுவதும் தெரிந்த ஒன்று.

கொழும்பு நகருக்குள் வரவே தேவையில்லை. சிலாபத்திலிருந்து கொழும்புக்கு வரும் பஸ் நீர்கொழும்பு வீதியால்தான் வரும். வழியில் வெலிசறையில் சுவாச நோய்களுக்கான தேசிய வைத்தியசாலை இருக்கிறது. அதற்கும் முன்னர், மாவட்டந்தோறும் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையம் உண்டு. அங்கே காட்டிக் கடிதம் வாங்கிக்கொண்டு வந்தால் வரிசையில் அலைச்சல் குறையும்.

ஓய்வூதியன் (பம்பலப்பிட்டி)

என் அம்மம்மா எண்பது தாண்டும் வரைக்கும் உரலில் மிளகாய் இடித்தார். காற்றாடியும் இல்லை, என்95உம் இல்லை. இப்போது தும்மினாலும் அதற்கு ஒரு நோய்ப் பெயர் வைக்கிறார்கள். பாவம், வயிற்றுப்பாட்டுக்கு மில் நடத்துகிறவர்களைப் பயமுறுத்த வேண்டாம்.

நெய்தல்

ஐயா, அம்மம்மா இடித்தது திறந்த முற்றத்தில், தன் வீட்டுச் சமையலுக்கு, மாதத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ. ராஜனின் அண்ணி நிற்பது நான்கு பக்கமும் தகரம் அடித்த கொட்டிலில், தினமும், மூட்டைக் கணக்கில். உலக்கை தருகிற தூளும் மோட்டர் தருகிற தூளும் ஒன்றல்ல.

தவிர, அந்தக் காலத்தில் ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை என்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒவ்வொரு ஊரிலும் "முட்டு வருத்தக்காரி" என்று, மூச்சு இழுக்கிற ஒருத்தி இருந்தாள். அவள் என்ன வேலை செய்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

ஓய்வூதியன்

முற்றம், கொட்டில் என்ற வித்தியாசம் சரிதான். முட்டு வருத்தம் எல்லாம் வேலையால் வந்தது என்பதை நான் நம்பத் தயாரில்லை. எங்கள் குடும்பத்தில் மூன்று பேருக்கு இருந்தது, ஒருவரும் உலக்கை பிடித்தவரில்லை.

மூச்சுக்காரி

எல்லாம் வேலையால் வந்தது என்று யாரும் சொல்லவில்லை, ஐயா. விறகடுப்புப் புகையும் இருக்கிறது, பரம்பரையும் இருக்கிறது. ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவர் தூசி வேலைக்குப் போனால் இன்னும் கெட்டுப்போகும். அதுவும் கணக்கில் சேர வேண்டியதே.

புத்தளத்தான் (மட்டக்குளி)

வாப்பாவின் தும்பு ஆலையில் வளர்ந்தவன் நான். ஊறவைத்த பொச்சுமட்டை, அதாவது தேங்காய் மட்டை, உருளையில் அடிபடும்போது தும்பு எனும் நார் ஒரு பக்கமும் சோறு எனும் மட்டைத்தூள் மறுபக்கமும் கொட்டும். ஈரமாக இருக்கும்வரை தூசி என்றே ஒன்று இல்லை. காய்ந்த தும்பை உதறிச் சிக்கெடுத்துக் கட்டுகிற இடத்தில்தான் காற்றே பழுப்பாக மாறும். அந்த வேலைக்கு எப்போதும் பெண்கள்தான். உம்மா மாலையில் முகம் கழுவினால் முதல் தண்ணீர் தேநீர் நிறத்தில் ஓடும்.

ஆனாலும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தும்புத் தூசி நெஞ்சைப் பெரிதாகக் கெடுப்பதில்லை என்று எங்கள் நாட்டு வைத்தியர் ஒருவரே ஆராய்ந்து எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது உண்மையா, மூச்சுக்காரி தாத்தா (எங்கள் பேச்சில் அக்கா)?

மூச்சுக்காரி

உண்மைதான் தம்பி. டொக்டர் சி. ஜி. ஊரகொட, கொழும்பில் பணியாற்றிய நெஞ்சு நோய் வைத்திய நிபுணர். 1975இல் தும்பு வேலையாட்களைப் பரிசோதித்து அவர் வெளியிட்ட ஆய்வில், பஞ்சாலைக்காரர்களுக்கு வரும் வகை நெஞ்சுநோய் தும்புக்காரர்களிடம் தென்படவில்லை. பஞ்சு நோயின் அடையாளம் தனியானது: விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில்தான் நெஞ்சு மிகவும் இறுகும், வாரம் போகப் போகத் தளரும்.

ஆனால் அவரையே முழுவதும் வாசிக்க வேண்டும். 1967இல் மிளகாய் அரைப்பவர்களைப் பற்றி எழுதினார். 1970இல் தேயிலைத் தொழிற்சாலைகளில் வரும் ஆஸ்துமாவைப் பற்றி எழுதினார். 1984இல் கறுவாத் தொழிலாளர்களைப் பார்த்தபோது ஆஸ்துமாவும் தோல் எரிச்சலும் கண் எரிச்சலும் கண்டார். இவையெல்லாம் வெளியானது பிரித்தானிய மருத்துவ இதழ்களில். நமது கிராமத்துக் கொட்டில்களைப் பற்றி நமது வைத்தியர் எழுதியதைக் கொட்டில்காரர்கள் தவிர உலகமே வாசித்தது.

ஆகவே "தூசி" என்று ஒன்றாகக் கட்டிப் பேச முடியாது. என்ன பொருளின் தூசி, எவ்வளவு நுண்மை, எத்தனை வருடம் என்று கேட்க வேண்டும். தும்பிலும் கூட, மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த பொச்சைக் காயவைத்து அடித்தால் அது தும்புத் தூசி மட்டுமல்ல, பூஞ்சண வித்தும் சேர்ந்தது. உம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது?

புத்தளத்தான்

மாஷா அல்லாஹ், நன்றாக இருக்கிறார். முழங்கால் வலி மட்டும்தான்.

தேயிலைப்பொடி (கிராண்ட்பாஸ்)

தேயிலையைப் பற்றி மூச்சுக்காரி அக்கா சொன்னதால் எழுதுகிறேன். நான் தோட்டத்தில் பிறந்தவன். இப்போது கொழும்பில் தேயிலை கலக்கும் களஞ்சியம் ஒன்றில் வேலை. பெட்டி கவிழ்க்கும் இடமும் அரிதட்டு ஓடும் இடமும்தான் மோசம். பொடி மட்டும் பறக்கிறது என்று நினைப்பீர்கள். இலையின் அடிப்புறத்துச் சுணை, பஞ்சு போல மிதந்து, மின்விளக்கின் கம்பியில் தாடி கட்டித் தொங்கும். புதிதாக வந்த ஒரு பையன் அந்த அறைக்குள் நுழைந்த மறுநிமிடமே மூச்சு வாங்கத் தொடங்குவான். மேற்பார்வையாளர் அவனைச் சோம்பேறி என்றார். சாமான் ஏற்றும் இடத்துக்கு மாற்றிய பிறகு அவன் இரண்டு ஆளின் வேலை செய்கிறான்.

எங்களுக்குச் சங்கம் இருந்தது, கேட்டோம், மாற்றினார்கள். வீட்டுக் கொட்டிலில் வேலை செய்கிற அண்ணி யாரிடம் போய் இடம் மாற்றக் கேட்பார்?

கற்சுத்தியல் (வத்தளை)

ஆஸ்துமா பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ஆஸ்துமாவுக்கு மருந்து உண்டு. கல்தூசிக்கு அதுவும் இல்லை.

கருங்கல்லில் குவார்ட்ஸ் இருக்கிறது. அதை உலர வெட்டினால், உலரத் தீட்டினால் வருவது படிகச் சிலிக்கா. ஊரில் அம்மி கொத்துகிறவர், சிலை செதுக்குகிறவர், வீட்டு வளவில் சல்லி உடைக்கிற குடும்பம் எல்லோரும் இதற்குள் வருவார்கள். தலைமயிர் ஏறத்தாழ 70 மைக்ரோன் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிப்பு. நுரையீரலின் கடைசிக் காற்றுப்பைவரை போகிற தூசி 4 மைக்ரோன் அளவு, அதற்கும் குறைவு. வெயில் கீற்றில் மினுங்குவதாக நாம் பார்க்கிறது பெரிய தூசி. அதில் பெரும்பகுதியை மூக்கும் தொண்டையும் பிடித்துவிடும். பெரியது படிந்து, கொட்டில் தெளிந்துவிட்டது என்று தோன்றும் நேரத்திலும் சிறியது மணிக்கணக்கில் மிதக்கும்.

சிலிக்கா உட்கார்ந்த இடத்தில் நுரையீரல் தழும்பாகும். வேலையை விட்டாலும் தழும்பு பரவிக்கொண்டு போகலாம். காசநோய் வரும் வாய்ப்பும் கூடும். எக்ஸ்ரேயில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால், சிலிக்கா நோய்க்காரருக்குக் காசநோய் மருந்தையே திரும்பத் திரும்பக் கொடுத்த கதைகள் இந்தியாவில் நிறைய. மத்தியப் பிரதேசத்து மந்த்சௌரில் பள்ளிப் பிள்ளைகளின் சிலேட்டுக் குச்சியை அறுத்தவர்களுக்கு இந்த நோய் வந்தது. குஜராத்தின் கம்பாத்தில் அகேட் கல்லை வீட்டிலேயே தீட்டுகிறார்கள். அங்கே தீட்டுகிறவர்களோடு நிற்காமல் பக்கத்து வீட்டாரையும் தூசி தொட்டது. புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம் 1997லேயே படிகச் சிலிக்காவைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது.

இது கிராமத்துக் கதை என்று வெள்ளவத்தைக்காரர்கள் நினைக்க வேண்டாம். உங்கள் புதிய மாடிவீட்டுக் குசினியில் பளபளக்கிற செயற்கைக் குவார்ட்ஸ் பலகையில் 90 வீதத்துக்கு மேல் சிலிக்கா இருக்கக்கூடும். அவுஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடைசெய்துவிட்டது. இங்கே பாத்திரம் கழுவும் தொட்டிக்கு ஓட்டை வெட்ட வருகிற பையன் வாயில் துவாயைக் கட்டிக்கொண்டு உலர வெட்டுகிறான். தண்ணீர் ஊற்றி வெட்டச் சொல்லுங்கள். தரை நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம்.

மொறட்டுவைப் பலகை

மரத்தூளையும் சேருங்கள். அதுவும் அந்த முதல் வகுப்புப் பட்டியலில் இருக்கிறது. மூக்குக்கு உட்புறப் புற்றுநோயோடு தொடர்புள்ளது. வாள் போடும்போது வருகிற பெரிய தூளைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். இயந்திரத்தில் அரத்தாள் போட்டுத் தேய்க்கிறபோது வருகிறதுதான் ஆளைக் கொல்கிறது. மாலையில் மேசையைக் காற்றுக்குழாயால் ஊதித் துப்புரவு செய்கிற பழக்கம் எங்கள் பட்டறைகளில் இன்னும் போகவில்லை. பகலெல்லாம் படிந்ததை ஐந்து நிமிடத்தில் மீண்டும் காற்றில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போகிறோம்.

காற்றுக்குழாய் (இரத்மலானை)

ராஜனின் முதல் கேள்விக்கு வருகிறேன். முகக்கவசம் கடைசி வேலி. முதல் வேலை தூள் காற்றில் ஏறாமல் தடுப்பது. கல்லுக்குத் தண்ணீர் ஊற்றலாம், மல்லிக்கு ஊற்ற முடியாது. ஆகவே மூடுவதும் உறிஞ்சுவதும்தான் வழி.

மில்லின் வாயில் ஒரு துணிக் குழாய் கட்டியிருப்பார்கள். மில் ஓடும்போது அது உப்பும், நெசவின் இடைவெளியால் தூள் புகைபோலக் கசியும். பழைய சேலை, மெல்லிய பருத்தி என்று கட்டினால் நுண்தூள் எல்லாம் வெளியே. நெருக்கமாக நெய்த தடித்த துணியில் நீளமாகத் தைத்து, இரண்டு முனையையும் பட்டி போட்டு இறுக்கச் சொல்லுங்கள். நீளம் கூடினால் காற்று வெளியேற இடம் கூடும், கசிவின் வேகம் குறையும். மோட்டரை நிறுத்தியதும் தூள் விழும் வாளியைத் திறக்கக் கூடாது. உள்ளே பறப்பது படியட்டும். அதுவரை வெளியே வந்து நிற்கட்டும்.

பெரும்பாலானவர்கள் உறிஞ்சும் விசிறியைச் சுவரின் உச்சியில் பூட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். தூள் எழும் இடம் இடுப்பளவில், விசிறி கூரைக்குக் கீழே, நடுவில் இருப்பது வேலை செய்கிறவரின் மூக்கு. தூள் முழுவதும் அவர் முகத்தைத் தாண்டித்தான் மேலே போகும். உறிஞ்சும் வாயைத் தூள் கொட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுவர வேண்டும். குழாயின் வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு தூரம் தள்ளி வைத்தாலே இழுவை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காக விழுந்துவிடும். மேசை விசிறி வைப்பதானால் வேலை செய்கிறவரின் பக்கவாட்டிலிருந்து வாசலைப் பார்த்து வீசட்டும்.

தும்புத்தடியால் கூட்டுவதை நிறுத்துங்கள். ஈரத்துணியால் துடைத்தால் போதும். வேலை உடுப்போடு குசினிக்குள் போகக் கூடாது, பிள்ளையைத் தூக்கக் கூடாது. குசினிக்கும் கொட்டிலுக்கும் நடுவில் கதவோ சாளரமோ இருந்தால் அதை அடைத்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் மில்லுக்குப் போகாத பிள்ளைகளும் மில்லின் காற்றையே குடிப்பார்கள்.

சட்டப்புள்ளி (புறக்கோட்டை)

சட்டம் கொஞ்சம். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தூசியைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது: எழும் இடத்துக்கு இயன்ற அளவு அருகில் உறிஞ்சும் ஏற்பாடு வேண்டும். காற்றுக்குழாய் சொன்னதையே எண்பது வருடத்துக்கு முன்னர் சட்டம் சொல்லிவிட்டது. ஆனால் அது ஆள் வைத்து வேலை வாங்கும் இடத்துக்கு. கணவனும் மனைவியும் மட்டும் உழைக்கும் கொட்டிலுக்குள் தொழிற்சாலைப் பரிசோதகர் வர வழியில்லை. 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டத்தில் தொழில்வழி நோய்களும் அடங்கும். ஆனால் நட்டஈடு கேட்க முதலாளி என்று ஒருவர் எதிரில் இருக்க வேண்டும். அண்ணியின் முதலாளி அண்ணன்.

2009இல் தொழில் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கென்று தேசிய நிறுவகம் ஒன்றுக்குச் சட்டம் வந்தது. பயிற்சியும் ஆலோசனையும் அவர்கள் வேலை. கிராமத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் பிரதேச சபையும்தான். என் கருத்து: கூப்பிட்டு யோசனை கேளுங்கள், பயப்பட வேண்டாம். சுற்றுச்சூழல் அனுமதிப்பத்திரம் எடுக்காமல் மில் ஓடுகிறதென்றால் மட்டும் முதலில் அதை எடுத்துவிடுங்கள்.

ஓய்வூதியன்

முதலில் அனுமதிப்பத்திரம், பிறகு பரிசோதகர். இந்த ஒழுங்கை மாற்றிச் செய்தால் இருமலோடு தண்டமும் சேர்ந்து வரும்.

ராஜன்

அண்ணனுக்கு எல்லாவற்றையும் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். வெலிசறைக்கு ஒப்புக்கொண்டுவிட்டார். கொப்பியும் ஊதும் குழாயும் வாங்கி அனுப்புகிறேன். குழாய் போட்டு உறிஞ்சுவதற்குத்தான் இழுபறி. செலவு ஒன்று. மற்றது, தூளை வெளியே தள்ளினால் பக்கத்து வளவுக் கிணற்றிலும் கொடியில் காயும் உடுப்பிலும் போய் விழும், சண்டை வரும் என்கிறார். அதில் நியாயம் இருக்கிறது. மில்லை நிறுத்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு பிள்ளைகளின் படிப்பு அதில்தான் ஓடுகிறது.

மூச்சுக்காரி

நிறுத்த வேண்டியதில்லை. கொப்பி முடிகிறவரை மல்லியையும் மாவையும் அண்ணன் அரைக்கட்டும், அண்ணி பொதி கட்டட்டும். பொதி கட்டுவது கொட்டிலுக்குள் அல்ல, திண்ணையில். உண்மையிலேயே தொழில்வழி ஆஸ்துமா என்று தெரிந்தால் விலகுவதை வருடக் கணக்கில் தள்ளிப்போடக் கூடாது. சீக்கிரம் விலகுபவர்களுக்குத் தேறும் வாய்ப்பு அதிகம். இழுத்தடித்தவர்களுக்கு வேலையை விட்ட பிறகும் வருத்தம் தங்கிவிடும். இன்னொன்று, அண்ணன் புகைப்பவரா? அப்படியானால் அவரும் ஒரு தடவை ஊதிப் பார்க்கட்டும்.

ராஜன்

புகைப்பார். அண்ணி சொன்னால் நிறுத்துவதாகச் சொல்லி ஆறு பொங்கல் போய்விட்டது.

காற்றுக்குழாய்

வெளியே தள்ளுவதை நேரே தள்ள வேண்டாம். விசிறிக்குப் பின்னால் மூடிய பீப்பாய் ஒன்றை வைத்து, காற்றை அதன் பக்கவாட்டால் சுழன்று நுழையும்படி விட்டால் பருமனான தூள் அடியில் விழும். மேலே போகும் காற்றுக்குத் தடித்த துணிப்பை கட்டுங்கள். பையை உதறுவது வெளியே, என்95 போட்டுக்கொண்டு. ஊர்த் தகர வேலைக்காரரே செய்வார். மல்லித்தூள் வீணாகாமல் திரும்பக் கிடைக்கும் என்று அண்ணனிடம் சொல்லிப் பாருங்கள். செலவுப் பேச்சு கொஞ்சம் இளகும்.

எந்தச் சுவரில் ஓட்டை போடுவது என்பதை இப்போதே தீர்மானித்துவிட வேண்டாம். மே முதல் செப்டெம்பர் வரை உங்கள் பக்கத்தில் காற்று கடலிலிருந்து, தென்மேற்கால் அடிக்கும். மேற்குச் சுவரில் போட்டால் தள்ளியதெல்லாம் திரும்ப உள்ளே வரும். கொட்டிலின் கிழக்குச் சுவர் எதைப் பார்த்திருக்கிறது? குசினியையா, பக்கத்து வளவையா? ஒரு படம் வரைந்து போடுங்கள்.